ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒன்பது மணி நேரமா? – கணினி கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் வீடியோவை மாற்றுவதும் எக்ஸ்போர்ட் செய்வதும் ஏன் இத்தனை நேரம் இழுக்கிறது என்று கேட்ட கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

அக்காவின் கல்யாண டிவிடிகள் நான்கு இருக்கின்றன. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக மாற்றுகிறேன். ஒரு டிவிடி ஒரு மணி நேரம்தான் ஓடும். மாற்ற ஒன்பது மணி நேரம் ஆகிறது. ஐ5-4570 பிராசசர், 8 ஜிபி ராம். படம் தெளிவாக வரட்டும் என்று எச்.265, 'ஸ்லோயர்' ப்ரீசெட், 1080 அளவு, 'என்எல்மீன்ஸ்' ஃபில்டர் எல்லாம் வைத்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

வாங்க வேண்டாம். உங்கள் கணினி பழையதுதான், ஆனால் டிவிடிக்கு அது தாராளம். அதன் தலையில் ஏற்றியிருக்கும் சுமைதான் அதிகம்.

ஃபிரேம் கணக்கில் பாருங்கள். நம் ஊர் டிவிடி 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் இருக்கும்: 720×576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃபிரேம். ஒன்பது மணி நேரம் என்பது 32,400 நொடி. ஆக, உங்கள் கணினி நொடிக்கு 2.8 ஃபிரேம்தான் முடிக்கிறது. இந்த எண் ஹேண்ட்பிரேக் ஜன்னலின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இனி நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

முழு டிவிடியையும் ஓட்டிச் சோதிக்காதீர்கள். மேலே 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'சாப்டர்ஸ்' என்று இருப்பதை 'செகண்ட்ஸ்' ஆக்கி, 600 முதல் 660 வரை கொடுங்கள். ஒரு நிமிடத் துண்டு மட்டும் மாறும். முகூர்த்தம், நாதஸ்வரம், அட்சதை விழும் கூட்டம் என்று அசைவு அதிகமுள்ள நிமிடமாகப் பொறுக்குங்கள். தாலி கட்டும்போது பறக்கும் அட்சதை தெளிவாக வந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு அமைப்பாக மாற்றி, எண் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்எல்மீன்ஸ். இந்த ஃபில்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்தில் அதே மாதிரியான துண்டு எங்கே இருக்கிறது என்று தேடி, அவற்றைச் சராசரி எடுத்துப் புள்ளிப் பொரிவை அகற்றுகிறது. வேலை அருமையாக இருக்கும், நேரத்தை விழுங்கும். ஹேண்ட்பிரேக்கில் இதைவிட நேரம் தின்னும் ஃபில்டர் அரிது. எடுத்துவிடுங்கள். புள்ளிப் பொரிவு கண்ணை உறுத்தினால் அதே பட்டியலில் உள்ள 'எச்க்யூடிஎன்3டி'யை 'லைட்' அளவில் வையுங்கள். வித்தியாசம் தெரியத்தான் செய்யும், ஆனால் டிவியிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அல்ல.

அடுத்தது 1080. டிவிடியில் இல்லாத நுணுக்கம் அளவைப் பெரிதாக்கினால் வந்துவிடாது. 4:3 படத்தை 1440×1080 ஆக்கினால் ஒரு ஃபிரேமில் இருக்கும் புள்ளிகள் 3.75 மடங்காகின்றன, அத்தனையையும் என்கோடர் (வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதி) சுமக்க வேண்டும், கோப்பும் பெருக்கும். டிவியே தன் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் காட்டிக்கொள்ளும். 'டைமென்ஷன்ஸ்' பகுதியில் 'அலோ அப்ஸ்கேலிங்' டிக்கை எடுங்கள். 'அனமார்ஃபிக்' என்பது 'ஆட்டோமேட்டிக்' ஆகவே இருக்கட்டும். அதை அணைத்தால் ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள்.

மூன்றாவது, வீடியோவைச் சுருக்கும் முறையான எச்.265. ஒரு கட்டத்தை ஃபிரேமுக்குள்ளேயே ஊகிக்க எச்.264-இல் அதிகபட்சம் 9 வழிகள், எச்.265-இல் 35. கட்டங்களைப் பிரிக்கும் விதங்களும் அதிகம். இத்தனையையும் சோதித்துப் பார்ப்பதால்தான் கோப்பு சிறுக்கிறது, அதனால்தான் நேரமும் பெருகுகிறது. 4கே வீடியோவில் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. டிவிடியில் மிச்சமாவது சில நூறு எம்பி. 'எச்.264 (எக்ஸ்264)' எடுத்து, தரத்தைக் குறிக்கும் 'ஆர்எஃப்' எண் 20, ப்ரீசெட் 'மீடியம்' வையுங்கள். எக்ஸ்264-இல் மீடியத்திலிருந்து 'ஸ்லோ'வுக்குப் போனால் நேரம் சுமார் 40 சதவீதம் கூடும். 'ஸ்லோயர்' ஏறத்தாழ இரட்டிப்பு. 'வெரிஸ்லோ' கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆர்எஃப்-ஐ நிலையாக வைத்திருக்கும்போது ப்ரீசெட்டைக் குறைப்பதால் பெரும்பாலும் கோப்பின் அளவுதான் மாறுகிறது, படம் அவ்வளவாகக் கெடுவதில்லை. வீடியோவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓட்டிச் சுருக்கும் 'மல்டிபாஸ்' வேண்டியதே இல்லை. கோப்பு குறிப்பிட்ட அளவுக்குள் அடங்கியே தீர வேண்டும் என்றால் மட்டும்தான் அதற்கு வேலை.

ஒன்றை மட்டும் அணைக்காதீர்கள்: 'டீகோம்ப்'. கல்யாண வீடியோக்கள் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதியும்படி எடுக்கப்பட்டவை. அதை அணைத்தால் கையை அசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள் விழும். ஆனால் அதில் 'பாப்' வகையைத் தேர்ந்தெடுத்தால் 25 ஃபிரேம் 50 ஆகும். அசைவு வழவழப்பாக இருக்கும், நேரம் இரட்டிப்பாகும். முடிவு உங்களுடையது.

இவ்வளவும் செய்தபின் ஒரு நிமிடச் சோதனையில் நொடிக்கு 100 ஃபிரேம் என்று காட்டினால், ஒரு டிவிடி 15 நிமிடத்தில் முடியும்.

இன்னொன்று. டிவிடி டிரைவிலிருந்து நேரடியாக மாற்றாதீர்கள். தட்டில் உள்ள 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளுங்கள். கீறல் விழுந்த தட்டை டிரைவ் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்த நேரமெல்லாம் பிராசசர் சும்மா காத்திருக்கும். காப்பி செய்யும்போதே ஓரிடத்தில் நின்று நின்று போனால் கோளாறு தட்டில் என்று தெரிந்துவிடும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. அந்த ஃபோல்டரை மாற்றி முடித்த பிறகும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பள்ளி ஆண்டுவிழாவைக் கேம்கோடரில் எடுத்தோம். எம்டிஎஸ் கோப்புகள், மொத்தம் இரண்டு மணி நேரம். மகள் ஆடும் ஆறு நிமிடம் மட்டும் வேண்டும். வெட்டி எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஆறு நிமிடத்துக்கே அரை மணி நேரம் ஆகிறது.
– வாசகர், காரைக்குடி

வெட்டுவதற்கு என்கோடிங் எதற்கு? எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து மறுபடி கட்டித் தருகின்றன. வெறும் வெட்டும் வேலைக்கு 'லாஸ்லெஸ்கட்' அல்லது 'அவிடெமக்ஸ்' போதும், இரண்டும் இலவசம். உள்ளே இருக்கும் தரவை அப்படியே எடுத்து வேறு கோப்பில் வைப்பதால் காப்பி செய்யும் நேரம்தான் ஆகும். தரத்திலும் துளி குறையாது.

அவிடெமக்ஸில் 'வீடியோ அவுட்புட்' என்பது 'காப்பி' என்றே இருக்க வேண்டும். தொடங்கும் இடத்தை மேல், கீழ் அம்புக்குறி விசைகளால் தேடுங்கள். அவை கீஃபிரேம்களுக்கு மட்டும் தாவும். முழுப் படமும் தன்னுள் இருக்கும் ஃபிரேம்தான் கீஃபிரேம். மற்றவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். அதனால் கீஃபிரேம் அல்லாத இடத்தில் வெட்டினால் முதல் சில கணங்கள் படம் சிதறும் அல்லது உறைந்து நிற்கும். பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் இருக்கும் கீஃபிரேமில் வெட்டினால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

இந்த வகைக் கேம்கோடர்கள் பெரும்பாலும் ஒலியை ஏசி3 வடிவில் பதியும். எம்பி4-க்குள் அப்படியே வைத்தால் சில போன்களில் படம் ஓடும், சத்தம் வராது. அப்போது 'ஆடியோ அவுட்புட்'டை மட்டும் ஏஏசி ஆக்குங்கள். வீடியோ காப்பியாகவே இருக்கட்டும். ஒலியை மாற்றுவது சில நொடி வேலை. டிவியில் சத்தம் வராத படக் கோப்புகளுக்கும் இதே வைத்தியம்தான். சத்தத்துக்காக முழு வீடியோவையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

வீடியோ வேலைக்காக ஜிடி 1030 கார்டு வாங்கிப் போட்டேன். ஹேண்ட்பிரேக்கில் 'என்வென்க்' என்ற தேர்வே வரவில்லை. டிரைவர் புதியதுதான். பிராசசர் ஐ3-10100.
– வாசகர், திருப்பூர்

வராது. அந்தக் கார்டில் வீடியோவை விரித்துக் காட்டும் பகுதி உண்டு. என்கோட் செய்யும் பகுதி கிடையாது. என்விடியா கார்டுகளில் என்வென்க் என்பது விளையாட்டுக்கான கோர்களிலிருந்து தனியே நிற்கும் ஒரு சர்க்யூட். கார்டு எவ்வளவு வேகமாக கேம் ஓட்டும் என்பதற்கும் அது உள்ளே இருக்கிறதா என்பதற்கும் சம்பந்தமில்லை. லேப்டாப்களில் வரும் எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250 சிப்களிலும் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் இதே கதை. 2022-இல் வந்த கார்டுகளாயிற்றே என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

ஜிடிஎக்ஸ் 1050-இல் உண்டு. ஜிடிஎக்ஸ் 1650-இலும் உண்டு, ஆனால் சாதாரண 1650-க்குள் இருப்பது முந்தைய தலைமுறை என்கோடர். '1650 சூப்பர்' புதியது. அதே அளவுக் கோப்பில் சூப்பர் தரும் படம் ஒரு படி மேல். செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் இணையமானாலும் இந்த ஒரு சொல்லைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: தேடியது கணினியிலேயே இருக்கிறது. ஐ3-10100-க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் 'குயிக் சிங்க்' என்ற என்கோட் செய்யும் பகுதி உண்டு. ஹேண்ட்பிரேக் ஆறாம் தலைமுறை இன்டெல் முதல் அதைப் பயன்படுத்தும். பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால்தான் உள்கிராபிக்ஸ் கிடையாது. உங்களுடையதில் எஃப் இல்லை. தனிக் கார்டு செருகியதும் சில மதர்போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தூங்க வைத்துவிடும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் 'ஐஜிபியூ மல்டி மானிட்டர்' போன்ற பெயரில் இருப்பதை 'எனேபிள்' செய்யுங்கள். விண்டோஸ் வந்ததும் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கின் 'வீடியோ என்கோடர்' பட்டியலில் 'எச்.264 (இன்டெல் க்யூஎஸ்வி)' வந்து நிற்கும்.

வேகம் பல மடங்கு கூடும். ஆனால் எக்ஸ்264-க்குக் கொடுத்த அதே ஆர்எஃப் எண்ணை இங்கே கொடுத்து ஒப்பிடாதீர்கள். இரண்டின் அளவுகோலும் வேறு. ஹார்டுவேர் என்கோடர் எல்லா வழிகளையும் தேடிப் பார்ப்பதில்லை, கிடைத்த வரையில் முடிக்கிறது. அதனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். இருட்டில் எரியும் குத்துவிளக்கு, சாம்பிராணிப் புகை, மழை போன்ற காட்சிகளில்தான் அது திணறுவது தெரியும்: நிழல் பகுதியில் கட்டம் கட்டமாக விழும். ஒரு நிமிடச் சோதனையை அப்படிப்பட்ட காட்சியில் செய்துபாருங்கள். பேச்சு, பாடம், போனில் பார்க்க ஒரு பிரதி போன்றவற்றுக்கு ஹார்டுவேர் போதும். காலாகாலத்துக்கும் வைத்திருக்கப் போவதை பிராசசரில் மெதுவாகச் செய்வது நல்லது.

புது லேப்டாப், ஐ5-1240பி. தொடங்கும்போது வேகமாக ஓடுகிறது, பிறகு பாதியாகிவிடுகிறது. ஹேண்ட்பிரேக்கை மினிமைஸ் செய்துவிட்டு வேறு வேலை பார்த்தால் இன்னும் மோசம். ஆனால் டாஸ்க் மேனேஜரில் சிபியூ 100 சதவீதம்கூடக் காட்டவில்லை.
– வாசகர், மதுரை

இங்கே இரண்டு தனித்தனிக் காரணங்கள் கலந்திருக்கின்றன.

மினிமைஸ் செய்தால் மெதுவாவது உங்கள் பிராசசரின் அமைப்பால். அதில் வேகமான கோர் 4, மின்சாரம் சேமிக்கும் சிறிய கோர் 8. திரையில் இல்லாத வேலையை முக்கியமில்லாத வேலை என்று எண்ணி விண்டோஸ் சிறிய கோர்களுக்குத் தள்ளிவிடுகிறது. வேகமான நான்கும் சும்மா இருப்பதால்தான் 100 சதவீதம் காட்டவில்லை. ஹேண்ட்பிரேக்கில் 'டூல்ஸ் – பிரிஃபரன்சஸ் – அட்வான்ஸ்டு' போய் 'பிரையாரிட்டி' என்பது 'பிலோ நார்மல்' என்றிருந்தால் 'நார்மல்' ஆக்குங்கள். விண்டோஸ் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மினிமைஸ் செய்யாமல் ஜன்னலைச் சிறிதாக்கி ஒரு மூலையில் தெரியும்படி விட்டுவிடுங்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்கிறது.

தொடங்கிய சிறிது நேரத்தில் பாதியாவது சூட்டால். இந்த பிராசசர் சிறிது நேரத்துக்கு 64 வாட் வரை இழுக்கும். நிரந்தரமாக ஓடுவதற்கு இன்டெல் சொல்லும் அளவு 28 வாட். மெல்லிய லேப்டாப்பின் விசிறி அந்த 28-ஐயே முழுதாகத் தாங்குமா என்பது மாடலைப் பொறுத்தது. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ் – சிபியூ' பக்கத்தில் 'ஸ்பீடு' என்ற எண்ணைப் பாருங்கள். தொடக்கத்தில் மூன்றரை கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்து பிறகு இரண்டுக்கு அருகே இறங்கினால் சூடு அல்லது மின் வரம்புதான் காரணம். 'எச்டபிள்யூஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் வெப்பநிலையைக் காட்டும். 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சார்ஜரைச் செருகியே ஓட்டுங்கள். பேட்டரியில் வேகம் தானாகவே குறையும். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். பின்பக்கத்தை இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கினாலே அடியிலிருந்து காற்று இழுக்கும் மாடல்களில் சில டிகிரி குறையும். கம்பெனி கொடுத்த செயலியில் 'பெர்ஃபார்மன்ஸ்' விசிறி நிலை இருந்தால் போடுங்கள், இரைச்சல் வரும். புது லேப்டாப் என்பதால் தூசியோ காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோ காரணமாக இருக்காது. மூன்று நான்கு வருடம் ஆனவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டைத்தான்.

அவசரம் என்றால் உங்களுக்கும் குயிக் சிங்க் இருக்கிறது. அதில் பிராசசர் சூடாவதும் குறைவு.

எஸ்எஸ்டி மாற்றினால் என்கோடிங் வேகம் கூடுமா? ராம் கூட்டினால்?
– வாசகி, நாகர்கோவில்

எஸ்எஸ்டியால் கணினி விருட்டென்று திறக்கும், என்கோடிங் அப்படியேதான் இருக்கும். 50 மெகாபிட்டில் பதிவான 4கே வீடியோவுக்கு நொடிக்கு 6 எம்பி சொச்சம் படித்தால் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பி தரும். பிராசசர்தான் திணறுகிறது, டிஸ்க் காத்துக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன வெட்டி ஒட்டும் காப்பி வேலைக்கு மட்டும் எஸ்எஸ்டி உதவும்.

ராம் விஷயத்தில், என்கோடிங் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' 90 சதவீதத்தைத் தாண்டினால் கூட்டுங்கள். இல்லாவிட்டால் 8-ஐ 32 ஆக்கினாலும் பலனில்லை. ஒரே ஒரு ராம் செருகியிருந்தால் அதேபோல் இன்னொன்று போடுவது நல்லது. இரண்டு வழியில் தரவு போகும், உள்கிராபிக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பென்டிரைவில் நேரடியாக எழுதச் சொல்லாதீர்கள். அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் வேலை அந்தரத்தில் நின்றுவிடும்.

சமையல் சேனல் நடத்துகிறேன். போனில் 4கே, 60 ஃபிரேமில் எடுத்து, பிரீமியர் ப்ரோவில் தொகுத்து 1080-இல் வெளியிடுகிறேன். 15 நிமிட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய இரண்டரை மணி நேரம். ரைசன் 5 3600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். ப்ராக்ஸி போட்டும் எக்ஸ்போர்ட் நேரம் குறையவில்லை.
– வாசகி, திண்டுக்கல்

ப்ராக்ஸி என்பது தொகுக்கும்போது டைம்லைன் திக்காமல் ஓடுவதற்கான சிறிய நகல் கோப்பு. எக்ஸ்போர்ட்டின்போது பிரீமியர் அசல் 4கே கோப்புகளுக்குத்தான் திரும்பிப் போகும். அதனால் நேரம் குறையாதது சரியே.

உங்கள் கார்டுக்கு இரண்டரை மணி நேரம் ரொம்ப அதிகம். எங்கோ கார்டு பயன்படாமல் கிடக்கிறது. 'ஃபைல் – பிராஜெக்ட் செட்டிங்ஸ் – ஜெனரல்' போய் 'ரெண்டரர்' என்ன என்று பாருங்கள். 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்றிருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. 'ஜிபியூ ஆக்சிலரேஷன் (CUDA)' ஆக்குங்கள். அடுத்து எக்ஸ்போர்ட் பக்கத்தில் 'என்கோடிங் செட்டிங்ஸ்' கீழே 'பெர்ஃபார்மன்ஸ்' என்பது 'ஹார்டுவேர் என்கோடிங்' என்று இருக்க வேண்டும். 'விபிஆர் 2 பாஸ்' தேர்ந்தெடுத்திருந்தால் அது சாஃப்ட்வேருக்குத் தாவிவிடக்கூடும். '1 பாஸ்' போதும். 'யூஸ் மேக்சிமம் ரெண்டர் குவாலிட்டி' டிக்கை எடுங்கள். ஜிபியூ வேலை செய்யும்போது அளவைக் குறைப்பது ஏற்கெனவே நல்ல தரத்தில்தான் நடக்கிறது.

பிறகு 'பிரிஃபரன்சஸ் – மீடியா'வில் ஹார்டுவேர் டீகோடிங் இயங்குகிறதா என்று பாருங்கள். இதைப் பலர் மறப்பார்கள். போன் பதியும் 4கே 60 பெரும்பாலும் எச்.265, அதைப் பிரித்துப் படிப்பதே பிராசசருக்குப் பெரும்பாடு. எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் 'ஜிபியூ' பக்கத்தைத் திறந்தால் 'வீடியோ டீகோட்', 'வீடியோ என்கோட்' என்று தனித்தனி வரைபடம் இருக்கும். இரண்டிலும் அசைவு தெரிய வேண்டும். 'ஜிபியூ' என்ற மொத்த எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். என்கோடர் முழுமூச்சாக ஓடும்போதும் கேம் கோர்கள் ஓய்வில் இருக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நேரம் குறையாவிட்டால் எஃபெக்ட்தான் காரணம். டைம்லைனை நகலெடுத்து, ஒரு நிமிடப் பகுதியை எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறங்கள். நிறத்திருத்தம் செய்யும் 'லூமெட்ரி' கார்டில் ஓடுவதால் பெரிய சுமையில்லை. எண்ணெய் கொதிப்பது போலப் புள்ளி துள்ளும் இருட்டுச் சமையலறைக் காட்சிக்கு டீநாய்ஸ் ப்ளகின் போட்டிருந்தால் அதுதான் நேரத்தை வாரிக்கொண்டு போகும். அடுப்புக்கு மேல் ஒரு எல்இடி விளக்கு மாட்டினால் அந்த ப்ளகினே தேவைப்படாது. சேனல் நடத்துபவர்களுக்கு இதைவிட மலிவான வேக உயர்வு இல்லை.

60 ஃபிரேம் வேண்டுமா என்றும் யோசியுங்கள். வதக்குவதையும் தாளிப்பதையும் காட்ட 30 போதும். பாதி ஃபிரேம், ஏறக்குறைய பாதி நேரம். ஸ்லோமோஷன் ஷாட்டுகளை மட்டும் 60-இல் எடுங்கள்.

பிட்ரேட்: யூடியூப் தன் பரிந்துரையில் 1080-க்கு 30 ஃபிரேம் என்றால் 8 மெகாபிட், 60 என்றால் 12 என்கிறது. நீங்கள் எதைக் கொடுத்தாலும் யூடியூப் மறுபடி ஒருமுறை என்கோட் செய்யத்தான் போகிறது. எனவே ஹார்டுவேர் என்கோடரில் தாராளமாக 16 கொடுங்கள். 15 நிமிடத்துக்கு 1.8 ஜிபி ஆகும். 20 மெகாபிட் அப்லோடு வேகம் உள்ள வீட்டில் 12 நிமிடத்தில் ஏறிவிடும். சிறிய கோப்பு வேண்டும் என்று மெதுவான ப்ரீசெட்டில் ஒரு மணி நேரம் செலவிட்டு, அப்லோடில் ஐந்தாறு நிமிடம் மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம்?

எங்கள் பக்கம் அடிக்கடி மின்தடை. மூன்று மணி நேரம் ஓடி 90 சதவீதத்தில் நின்ற கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது. மீட்க முடியுமா?
– வாசகர், வவுனியா

எம்பி4 என்றால் நம்பிக்கை குறைவு. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை எம்பி4-இல் கடைசியாகத்தான் எழுதப்படும். அது எழுதப்படும் முன் மின்சாரம் போனால் தரவு முழுவதும் இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது. இனிமேல் ஹேண்ட்பிரேக்கில் 'ஃபார்மேட்' என்பதை எம்கேவி ஆக்குங்கள். அது அவ்வப்போது எழுதிக்கொண்டே போவதால் நின்ற இடம்வரை ஓடும். விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, முன்பு சொன்ன 'ரேஞ்ச்' வசதியால், மிச்சத்தை மட்டும் மாற்றி, அவிடெமக்ஸில் கீஃபிரேமில் ஒட்டிக்கொள்ளலாம். அமைப்புகள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே ஆலோசனை: எம்கேவியில் பதிந்து, முடிந்ததும் 'ஃபைல்' மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் சிறிது நேரத்தில் எம்பி4 ஆகிவிடும்.

போனில் எடுத்த வீடியோக்கள் 800 ஜிபி சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஏவி1 என்ற புதிய சுருக்கும் முறைக்கு மாற்றினால் பாதியாகும் என்கிறார்கள். எவ்வளவு நாளாகும்?
– வாசகர், தாம்பரம்

1080 வீடியோ நொடிக்கு 17 மெகாபிட் என்று வைத்தால் 800 ஜிபி என்பது நூறு மணி நேரத்துக்கு மேல். 30 ஃபிரேம் வீடியோவை உங்கள் பிராசசர் நொடிக்கு 10 ஃபிரேம் வேகத்தில் மாற்றினால், இரவு பகலாக 13 நாள். மின்கட்டணத்தையும் விசிறியின் ஆயுளையும் கூட்டிப் பார்த்தால் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்குவது மேல். ஏற்கெனவே ஒருமுறை சுருக்கியதை மறுபடி சுருக்கினால் தரமும் இறங்கும். ஏவி1 வந்தது 2018-இல்; அதற்கு முந்தைய டிவிகளில் ஓடாது. போன் அமைப்பில் எச்.265 தேர்வு இருந்தால் இனி எடுப்பதை அதில் எடுங்கள், சுருக்கும் வேலையைப் போனே செய்துவிடும்.

இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கலாமா? பிராசசர் கெட்டுப்போகுமா?
– வாசகி, சேலம்

விசிறி சுற்றி, வெப்பநிலை 85 டிகிரிக்குள் நின்றால் கெடாது. அளவு மீறிச் சூடானால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில் அணைந்தும்விடும். கணினியைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுங்கள், மேலே துணி மூடாதீர்கள். ஹேண்ட்பிரேக்கில் வேலைகளை 'ஆட் டு க்யூ' கொடுத்து வரிசையில் நிறுத்தி, 'வென் டன்' என்பதில் 'ஷட்டவுன்' வைத்துவிட்டால் முடிந்ததும் தானாக அணைந்துவிடும். தூங்கப் போகும் முன் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'பாஸ் ஃபார் 1 வீக்' அழுத்துங்கள். நள்ளிரவில் அப்டேட்டுக்காக கணினி தானே ரீஸ்டார்ட் ஆனால், காலையில் பாதிக் கோப்புதான் மிஞ்சும்.